பின் கேட் மெசேஜ்: ஒரு தமிழ்ப்பள்ளி வாட்ஸ்அப் குரூப்ல நடந்தது, டேவான்ல (பள்ளி மண்டபத்துல) பேசி முடிஞ்சது

மலேசியாவுல, பினாங்குல தீவுப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. பேரு வேணாம், இதுல சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் இன்னும் அதே கேட்டுல தினமும் மூஞ்சி பாத்துக்கிறவங்க. அந்தப் பள்ளியோட பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அறிவிப்பு அனுப்புச்சு. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள அந்த ஒத்த மெசேஜ் ஒரு பாட்டிய அழ வச்சி, வேன் ஓட்டுறவங்கள சங்கத்துக்கு எதிரா திருப்பி, பள்ளியையே மூடப் போறாங்கன்னு ஒரு வதந்தியையும் கிளப்பி விட்டுருச்சு. புதன்கிழமை ராத்திரி கூட்டம் போட்டு நேர்ல பேசின பிறகுதான் அடங்குச்சு.

நானும் அங்க படிக்கிற ஒரு பிள்ளையோட பெற்றோர்தான். கூட்டம் முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சி செயலாளர் அக்கா, என்ன நடந்துச்சுன்னு யாராவது முழுசா எழுதி வச்சா அடுத்த கமிட்டிக்கு உதவும்னு சொன்னாங்க. அதுக்காக குரூப் மெசேஜ் எல்லாத்தையும் முதல்ல இருந்து படிச்சேன், தலைவர்கிட்ட, வேன் ஆண்டிகிட்ட, அந்தப் பாட்டியோட மககிட்ட உக்காந்து பேசினேன். எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டுத்தான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும். சங்கம் எடுத்த முடிவுல ஒரு தப்பும் இல்ல. பள்ளிக்குப் பின்னாடி இருக்கிற பெரிய லொங்காங் (சாக்கடை) ஒரு பக்கம் இடிஞ்சி உள்ள சரிஞ்சிருந்துச்சு, அத சரி பண்ண ஆளு வருது, லாரி பின் கேட் வழியாத்தான் உள்ள வரணும், அந்த இடத்துல ஏழு வயசுப் பிள்ளைங்க நடக்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு மாசம் பின் கேட்டை மூடணும். இத யாருகிட்ட வேணும்னாலும் ஒரு நிமிஷம் நேர்ல சொன்னா "சரி, மூடுங்க"ன்னுதான் சொல்வாங்க, கூட்டத்துல கடைசியில எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அதனால இந்த சண்டை முடிவைப் பத்தின சண்டையே இல்ல, சொன்ன விதத்துல வந்தது.

அந்த பின் கேட்டை யாரு பயன்படுத்துறாங்கன்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். முன் ரோட்டுல காலையில நிக்கிற இடமே கிடையாது, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போற ஃபேக்டரி பஸ், மோட்டோர், காடி (கார்) எல்லாம் ஒண்ணா நெருக்கும். அதனால பின்னாடி இருக்கிற ஃப்ளாட்ல இருந்து நடந்து வர்ற பாட்டி தாத்தாங்க, வேன் ஓட்டுறவங்க, பாலர் பள்ளி, 1-ஆம் ஆண்டு சின்னப் பிள்ளைங்க, இவங்க எல்லாரும் பின் கேட்டுத்தான். காடியில வந்து இறக்கி விட்டுட்டுப் போற பெற்றோருக்கு பின் கேட் இருந்தா என்ன இல்லாட்டி என்ன. அறிவிப்பு எழுதினவங்க, அதுக்கு "நன்றி"ன்னு பதில் போட்டவங்க எல்லாம் பெரும்பாலும் காடியில வர்றவங்க. பாதிக்கப்படப் போறவங்கள்ல பாதிப் பேரு அந்த குரூப்லயே இல்ல.

மெசேஜ்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல 1-ல இருந்து 6-ஆம் ஆண்டு வரைக்கும் ஆறு குரூப்புக்கும் பாலர் பள்ளி குரூப்புக்கும் ஒரே நேரத்துல போச்சு. வணக்கம், ஒரு குறள், போன மாசம் விளையாட்டுப் போட்டிக்கு உதவினவங்களுக்கு நன்றி, நன்கொடை கொடுத்தவங்களுக்கு நன்றி. அதுக்கு அப்புறம்: "வரும் திங்கள் முதல் பள்ளியின் பின்வாசல் மூடப்படும். பெற்றோர்கள் முழு ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விதிமுறையை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

லொங்காங் வேலை, லாரி, சின்னப் பிள்ளைங்கள கேன்டீன் பக்கம் இருக்கிற சின்ன கேட்டுல டீச்சர் நின்னு அனுப்புவாங்க, வேன் திடல் பக்கம் நிக்கலாம், இது எல்லாம் அதே மெசேஜ்ல இருந்துச்சு. நான் பாத்தேன், நல்லா தெளிவாவே எழுதியிருந்தாங்க. ஆனா அது இருந்தது கீழ. வாட்ஸ்அப்ல நீளமான மெசேஜ் வந்தா முழுசா காட்டாது, ஒரு அளவுக்கு மேல மடிச்சி வச்சி "மேலும் படிக்க"ன்னு காட்டும். அந்த மடிப்பு சரியா "நடவடிக்கை எடுக்கப்படும்"க்கு அடுத்து விழுந்துச்சு. பெற்றோர் திரையில பாத்தது ஒரு குறள், ரெண்டு நன்றி, ஒரு தடை, ஒரு மிரட்டல். காரணமும் மாத்து வழியும் மடிப்புக்குக் கீழ.

யாரோ ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாங்க. இது எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு. மெசேஜை அப்படியே ஃபார்வேர்டு பண்ணியிருந்தா வாங்கினவங்க "மேலும் படிக்க"வ தட்டி முழுசா பாத்திருக்கலாம். ஸ்க்ரீன்ஷாட்ல தட்ட முடியாது, மடிச்ச பகுதி அங்கேயே செத்துப் போச்சு. வேன் ஓட்டுறவங்க குரூப்புக்கு, கோயில் குரூப்புக்கு, பாட்டர்வொர்த்ல இருக்கிற மாமா சித்தி குரூப்புக்கு போனதெல்லாம் அந்தப் படம்தான். மேல பள்ளி சின்னம், கீழ மூடப்படும், நடவடிக்கை. தமிழ்ப்பள்ளி மூடுறதுங்கிறது நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு பெரிய பயம்னு தெரியும், பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சி போன பள்ளிகள் நாட்டுல நிறைய இருக்கு, அந்தப் பயம் எப்பவுமே ஒரு ஓரத்துல இருக்கிறது. சனிக்கிழமை காலையில பசியாறுற நேரத்துக்கு "உங்க பள்ளிய மூடுறாங்களாமே"ன்னு தூரத்துல இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணி கேக்க ஆரம்பிச்சிட்டாங்க.

இன்னொன்னு, நம்ம பெற்றோர்ல நிறைய பேரு மலாய்ல பாடம் நடத்துற தேசியப் பள்ளியில படிச்சவங்க. பேசுவாங்க, ஆனா தமிழ் எழுத்து வேகமா படிக்க வராது. பிள்ளைய தமிழ்ப்பள்ளியில போட்டது, தனக்கு கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும்னு. அவங்க குரூப்ல வர்ற நீளமான தமிழ் மெசேஜை பக்கத்துல யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சிக்குவாங்க. அன்னைக்கு அவங்க கேட்டது, ஏற்கனவே கோவத்துல இருந்தவங்ககிட்ட.

எழுதினவங்களுக்கு ஏன் இது தெரியல

செயலாளர் அக்கா கவனமான ஆளு. அந்த மெசேஜை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. அவங்க ரெண்டு வாரமா அந்த லொங்காங் விஷயத்துல ஓடிக்கிட்டு இருந்தாங்க, குத்தகைக்காரரோட நின்னு இடத்தைப் பாத்து, தலைமையாசிரியர்கூட மூணு தடவ பேசி, எந்த கேட்டுல யாரு நிக்கணும்னு வரைபடமே போட்டு வச்சிருந்தாங்க. "பின்வாசல் மூடப்படும்"னு எழுதும்போது அவங்க மனசுல லாரி, சரிஞ்ச மண்ணு, பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா ஓடுது. படிக்கிறவங்க மனசுல எதுவுமே இல்ல.

1990-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல எலிசபெத் நியூட்டன்ங்கிற ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. ஒருத்தரு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்டோட தாளத்த மேசையில விரலால தட்டணும், எதிர்ல இருக்கிறவரு எந்தப் பாட்டுன்னு சொல்லணும். தட்டினவங்க பாதிக்குப் பாதியாவது கண்டுபிடிச்சிருவாங்கன்னு நம்பினாங்க. மொத்தம் 120 பாட்டு தட்டினதுல 3தான் கண்டுபிடிக்க முடிஞ்சிச்சு. தட்டுறவங்க காதுல பாட்டு முழுசா ஓடுது, கேக்கிறவங்களுக்கு வெறும் டொக்கு டொக்குதான். அக்காகிட்ட இத சொன்னப்ப ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "அதான், எனக்கு எல்லாம் தெளிவா இருந்துச்சு"ன்னாங்க. விஷயத்துக்குள்ளேயே ரெண்டு வாரம் இருந்தவங்களால வெளியில இருக்கிறவங்க கண்ணுல அத பாக்க முடியாது, அது யாருக்குமே வராது. இன்னொருத்தர் கண்ணைத்தான் கடன் வாங்கணும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல

முதல் பதில் ஒரு அப்பாகிட்ட இருந்து. பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிப்ட், உள்ள போயிட்டா போன் லாக்கர்ல, அதனால போறதுக்கு முன்னாடி கிடைச்ச ரெண்டு நிமிஷத்துல பாத்துட்டு எழுதினாரு: "எங்கம்மா தினமும் பின்னாடிதான் வருவாங்க, அவங்க மேலயும் நடவடிக்கையா?" நியாயமான கேள்வி. அதுக்கு மெசேஜ் கீழ பதிலும் இருக்கு. ஆனா தலைவர் போட்ட பதில் மூணே வார்த்தை: "முழுமையாகப் படித்துவிட்டுப் பேசவும்." அதுக்குக் கீழ வரிசையா கமிட்டி ஆளுங்களோட கட்டைவிரல். அப்பா ஷிப்டுக்குள்ள போயிட்டாரு. காலையில ஏழு மணிக்கு மேல வெளிய வந்து போன தொறந்தப்ப அவரு பாத்தது அந்த மூணு வார்த்தையும் வரிசையா நின்ன கட்டைவிரலும்.

தலைவர் கெட்ட எண்ணத்துல எழுதல. என்கிட்ட சொன்னாரு, "நான் பணிவாத்தான் சொன்னேன், கீழ பதில் இருக்குன்னு காட்டத்தான்." நம்புறேன். அவரு குரல்ல அத சொல்லியிருந்தா யாருக்கும் வலிச்சிருக்காது, அவரு அப்படிப்பட்ட மனுசன். 2005-ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி இன்னும் ரெண்டு பேரு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இதத்தான் அளந்து பாத்துச்சு. சில வாக்கியங்கள நேரடியாவும் சிலத கிண்டலாவும் சொல்லணும், மின்னஞ்சல்லயும் குரல்லயும். கேக்கிறவங்க 78 விழுக்காடு சரியா பிடிச்சிருவாங்கன்னு அனுப்பினவங்க நெனச்சாங்க, ரெண்டு வழியிலயும் அதே நம்பிக்கை. குரல்ல கேட்டவங்க 73 விழுக்காடு பிடிச்சாங்க, எழுத்துல படிச்சவங்க 56. ரெண்டுல ஒண்ணுங்கிற கேள்விக்கு 56ங்கிறது காசு சுண்டிப் பாக்கிறதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். எழுதினவங்களுக்கு தன் குரல் கேக்குது, படிக்கிறவங்களுக்கு கேக்கல, அந்த வித்தியாசம் எழுதினவங்களுக்கு தெரியவும் மாட்டேங்குது.

பத்தரைக்கு மேல குரல் பதிவு வர ஆரம்பிச்சிச்சு. அஞ்சு நிமிஷம், ஏழு நிமிஷம். ஒரு அம்மா வேன்காரங்கள தப்பா பேசினாங்க, வேன்காரங்கள்ல ஒருத்தர் ஆசிரியர்கள இழுத்தாரு. ஒருத்தர் போலீஸ்ல ரிப்போர்ட் போடுவேன், எம்சிஎம்சிக்கும் (தொடர்பு பல்லூடக ஆணையம்) அனுப்புவேன்னாரு. தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998, 233-ஆவது பிரிவு (இணையத்துல மோசமா அனுப்புறதுக்கு எதிரானது), 2025 பிப்ரவரியில வந்த திருத்தத்துக்கு அப்புறம் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியில (ரிங்கிட்) இருந்து 500,000 வெள்ளிக்குப் போயிருக்கு, அதனால அந்தப் பேச்சு வந்ததும் நாலு பேரு பயந்து தன் மெசேஜை அழிச்சாங்க. யார் என்ன சொன்னாங்கன்னே தெரியாத மாதிரி அழிச்ச தடம் மட்டும் நிக்குது. அழிச்சதெல்லாம் இதை விட மோசமா இருந்திருக்கும்னு படிக்கிறவங்க நெனச்சிக்கிட்டாங்க.

செயலாளர் அக்கா அந்த நேரத்துல மெசேஜை திருத்தலாம்னு பாத்தாங்க, முடியல. 2023-ல இருந்து வாட்ஸ்அப்ல திருத்துற வசதி இருக்கு, ஆனா அனுப்பி 15 நிமிஷத்துக்குள்ள திருத்தணும். அந்த நேரம் எப்பவோ போயிருச்சு. அழிச்சிட்டு புதுசா போடலாமான்னு கேட்டாங்க, தலைவர் வேணாம்னாரு, மறைக்கிற மாதிரி இருக்கும்னு. அதுல அவரு சொன்னது சரின்னு நான் நெனைக்கிறேன். புதுசா ஒரு சின்ன மெசேஜ் கீழ போட்டிருந்தா போதும், "பிள்ளைங்க கேன்டீன் கேட்டு வழியா வரும், டீச்சர் நிப்பாங்க"ன்னு ஒத்த வரி. அது யாருக்கும் தோணல.

அதுக்குப் பதிலா பதினொன்ற மணிக்கு எல்லா குரூப்பையும் அட்மின் மட்டும் பேசுற மாதிரி மாத்திட்டாங்க. நடந்த எல்லாத்துலயும் இதுதான் மோசமான காரியம்னு நான் உறுதியா சொல்வேன். அட்மின் மட்டும் பேசுற குரூப் தப்பில்ல, அறிவிப்புக்கு அதுதான் நல்லது, ஆனா ஒருத்தர் கேள்வி கேட்டு பதில் கிடைக்காம நிக்கிற நேரத்துல வாய மூடினா, கேள்வி போகாது, வேற இடத்துக்குப் போகும். பன்னெண்டு மணிக்குள்ள கமிட்டி இல்லாம பெற்றோர் மட்டும் இருக்கிற புது குரூப் ஒண்ணு வந்துருச்சு. அதுல சரியான தகவல் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இல்ல. சனி, ஞாயிறு முழுக்க வதந்தி ஓடினது அங்கதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா அங்க முழு மெசேஜையும் ஒட்டினாங்க, அப்பதான் பாதிப் பேரு முதல் தடவையா கீழ்ப் பகுதிய படிச்சாங்க. ஆனா அதுக்குள்ள பேச்சு கேட்டைப் பத்தி இல்ல, மரியாதையப் பத்தி.

திங்கட்கிழமை

காலையில முன் ரோடு அடைச்சிக்கிச்சு, அது எதிர்பார்த்ததுதான். மத்தியானம் ஒரு மணிக்கு பின் கேட்டுக்கு வெளிய மூணு பாட்டியும் ஒரு தாத்தாவும் நின்னாங்க. யாரும் அவங்ககிட்ட சொல்லல. அவங்கள்ல ஒரு பாட்டிக்கு போன்ல எழுத்து படிக்க வராது, மக அனுப்பற குரல் பதிவு மட்டும் கேப்பாங்க, மக பெருநிலப் பக்கம் இருக்கிற ஜூருல இருந்து பாலம் தாண்டி வேலைக்குப் போறவங்க, வெள்ளிக்கிழமை நடந்த சண்டையில மெசேஜோட சாரமே அவங்களுக்குப் புரியல. பேரன் கேன்டீன் கேட்டுல டீச்சரோட நிக்கிறான், பாட்டி பின் கேட்டுல பூட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, நடுவுல ஒரு கட்டடம். அரை மணி நேரத்துக்கு மேல. ஜாகா (காவலாளி) பாத்து கூட்டிட்டு வந்தப்ப பாட்டி அழுதுட்டாங்க, பிள்ளைய யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிருக்காங்க.

பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா இந்த கேஸை நான் அளக்கிறது அந்தப் பாட்டிய வச்சித்தான். அறிவிப்பு நல்லாருக்கா, தமிழ் நல்லாருக்கா, மரியாதை இருக்காங்கிறதெல்லாம் அப்புறம். விஷயத்துக்கு ரொம்ப தூரத்துல இருந்து, அதோட விளைவுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறவங்க மறுநாள் ஒரு மணிக்கு எங்க நிப்பாங்கங்கிறதுதான் கேள்வி.

டேவான்ல ரெண்டு பேச்சு

புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு கூட்டம். டேவான் நெறஞ்சிருச்சு, ஆண்டுக் கூட்டத்துக்குக் கூட அவ்வளவு பேரு வந்து நான் பாத்ததில்ல. தலைவர் மேடையேறினாரு. அவரு நல்ல பேச்சாளர், கோயில் திருவிழா, பொங்கல் விழா, பரிசளிப்பு எதுலயும் அவரு பேச்சுன்னா ஆளுங்க உக்காந்து கேப்பாங்க. தலைமையாசிரியருக்கு, சங்க ஆலோசகருக்கு (ரெண்டும் ஒரே ஆளு, 1998-ஆம் ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைப்படி தலைமையாசிரியர்தான் ஆலோசகர்), முன்னாள் தலைவர்களுக்கு, ஆசிரியர்களுக்கு, பேரு சொல்லி வணக்கம். சங்கம் கடந்து வந்த பாதை. கமிட்டி சம்பளம் வாங்காம உழைக்கிறது. அப்புறம் அந்த மெசேஜை முழுசா படிச்சாரு, "இதுல எங்க தப்பு, சொல்லுங்க"ன்னு கேட்டாரு. இருபது நிமிஷத்துக்கு மேல ஓடிருச்சு. பின்னாடி வரிசையில ஆளுங்க போனைத் தொறந்துட்டாங்க, ஒருத்தர் எழுந்து வெளிய போனாரு.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிக்கணும். அவரு பேச்சுல குறையில்ல, அது வேற வேலைக்கான பேச்சு. நாம மேடைப் பேச்சுன்னு பள்ளிக்கூடத்துல இருந்து கத்துக்கிறது பெரும்பாலும் வாழ்த்துரை, பட்டிமன்றம், பேச்சுப் போட்டி. அதுல கூட்டம் ஏற்கனவே நம்ம பக்கம், இல்லாட்டி நடுநிலையா ஒரு நடுவர். முதல் அஞ்சு நிமிஷம் மரியாதைக்கு, குரல் ஏத்தம் கைத்தட்டலுக்கு. கோவமா ஒரு கேள்வியோட வந்திருக்கிற ஆளுக்கு முன்னாடி அதே முறையில பேசினா, ஒவ்வொரு வணக்கமும் அவங்க கேள்விய தள்ளிப் போடுற மாதிரி ஆயிருது. அவங்க வந்தது பதிலுக்கு, ஒவ்வொரு நிமிஷமும் கோவம் ஏறுது. பதில் சொல்ற பேச்சுங்கிறத நமக்கு யாரும் சொல்லித் தர்றதே இல்ல.

நடுவுல கமிட்டியில ஒரு தம்பி எழுந்து, பேச்சுல வார்த்தைக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு, மீதி குரலும் உடலும்தான், அதனால மெசேஜ்ல என்ன வார்த்தைன்னு ஆராயறது வீண்னு சொன்னாரு. இத நிறைய பயிற்சிப் பட்டறையில சொல்லித் தர்றாங்க, அதனால அவரை நான் குறை சொல்லல. ஆனா அது உண்மை இல்ல. 1967-ல ஆல்பர்ட் மெஹ்ராபியன் பண்ண ரெண்டு சோதனையில இருந்து எடுத்த எண்ணு அது, ஒத்த ஒத்த வார்த்தைய வேற வேற குரல்ல சொல்லி, முகப் படத்தோட காட்டி, சொல்றவங்களுக்கு பிரியமா வெறுப்பாங்கிற உணர்ச்சிய மட்டும் கேட்டது. உணர்ச்சிய பத்தி பேசும்போது வார்த்தையும் முகமும் முரண்பட்டா எத நம்புறோம்ங்கிறதுக்கு மட்டும்தான் அது பொருந்தும்னு மெஹ்ராபியனே சொல்லியிருக்காரு. "எந்த கேட்டு, எத்தன மணி"ங்கிறத 93 விழுக்காடு முகத்துலயும் குரல்லயும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்ல முகமும் இல்ல குரலும் இல்ல, வார்த்தை மட்டும்தான் இருக்கு.

அதுக்கு அப்புறம்தான் கூட்டம் திரும்பிச்சு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தவங்க, டோஸ்ட்மாஸ்டர்ஸ்ங்கிற பேச்சுப் பயிற்சி கிளப்ல பல வருஷம் இருந்தவங்க, நடத்துற பொறுப்ப எடுத்துக்கிட்டாங்க. அந்த கிளப்ல திடீர்னு தலைப்பு கொடுத்து பேசச் சொல்ற பகுதி ஒண்ணு உண்டு, 1 நிமிஷத்துல பச்சை அட்டை, ஒன்றரையில மஞ்சள், 2 நிமிஷத்துல சிவப்பு. அவங்க 1-ஆம் ஆண்டு வகுப்புல இருந்து மூணு கலர் பேப்பர் எடுத்துட்டு வந்து முன்னாடி உக்காந்து, யாரா இருந்தாலும் ரெண்டு நிமிஷம், தலைவருக்கும் அதேதான்னாங்க. ரெண்டு நிமிஷம்னதும் ஆளுங்க திட்டுறத விட்டுட்டு விஷயத்துக்கு வந்தாங்க.

வேன் ஆண்டி எழுந்தாங்க. மைக் வேணாம்னுட்டாங்க. தன் வேன்ல வர்ற பிள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு தனியா ரோடு தாண்டத் தெரியாது, பின் கேட்டுல இறக்கினா பத்தடிதான், திடல் பக்கம்னா எங்க நிறுத்தணும், எத்தன நிமிஷம் நிறுத்தலாம், சம்மன் அடிச்சா யாரு கட்டுறது, இது மூணும்தான் எனக்குத் தெரியணும், நடவடிக்கைன்னு எழுதினது என் பேரை எழுதின மாதிரி இருந்துச்சுன்னாங்க. மஞ்சள் அட்டை வர்றதுக்குள்ள உக்காந்துட்டாங்க. பேச்சுக் கலைன்னு எதுவும் அவங்க கத்துக்கல. ஆனா அவங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் "ஆமா" "இல்ல"ன்னு பதில் சொல்ல முடியும், அதுதான் அதோட பலம்.

அடுத்து ஒரு அம்மா, ஃபேக்டரியில லைன் லீடர். ஷிப்ட் மாறும்போது எங்க இடத்துல பாஸ்டவுன் எழுதுவோம், அடுத்து வர்றவங்களுக்கு எத மாத்தியிருக்கு, எப்ப இருந்து, நீ என்ன செய்யணும், சந்தேகம்னா யாருக்கு போன், அத மேல எழுதிட்டுத்தான் மத்தது, ஏன்னா வர்றவங்க தூக்கக் கலக்கத்துல இருப்பாங்க, மேல நாலு வரிதான் படிப்பாங்கன்னு சொன்னாங்க. பாயான் லெப்பாஸ்ல 1972-ல இருந்து தொழிற்பேட்டை இருக்கு, நம்ம பெற்றோர்ல எத்தன பேரு தினமும் இத எழுதுறாங்க, படிக்கிறாங்க. அந்த அறிவு டேவான் உள்ளேயே இருந்துச்சு, யாரும் கேக்கல.

கடைசியா தலைவருக்கு ரெண்டு நிமிஷம். அவரு மேடையில இருந்து எறங்கி கீழ வந்து நின்னாரு. வணக்கம் சொல்லல. "திங்கட்கிழமை ஒரு மணிக்கு பின் கேட்டுல மூணு பாட்டியும் ஒரு தாத்தாவும் நின்னாங்க. அவங்களுக்கு நாங்க சொல்லல"ன்னாரு. டேவான் அமைதியாச்சு. வேன் ஆண்டி கேட்ட மூணையும் அதே வரிசையில திருப்பிச் சொல்லி, முதல் ரெண்டுக்கு பதில் சொன்னாரு, மூணாவதுக்கு "நாளைக்கு கேட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்"னாரு. நைட் ஷிப்ட் அப்பாவ பேரு சொல்லிக் கூப்புட்டு "நீங்க கேட்டது சரியான கேள்வி தம்பி"ன்னாரு. "வேற கேள்வி?"ன்னு கேட்டுட்டு, உடனே வந்த அமைதிய பேசி நிரப்பாம நின்னாரு. பத்து செகண்டு இருக்கும், மேடையில நிக்கிறவங்களுக்கு அது ரொம்ப நீளம், ஆனா அந்த பத்து செகண்டுலதான் பின்னாடி இருந்த ஒரு தாத்தா கை தூக்கினாரு. இவரு அதே மனுசன், அரை மணி நேரத்துக்கு முன்னாடி கூட்டத்த இழந்தவரு. எதிர்ல இருக்கிறவங்க கேட்டத முதல்ல வாயில எடுத்துக்கிட்டாரு, அதுல எல்லாம் மாறிச்சு.

புது மெசேஜ்

அன்னைக்கு ராத்திரியே டேவான்ல உக்காந்து எழுதினாங்க. அப்படியே போடுறேன்:

"பின் கேட் இன்னும் ஏறக்குறைய ஒரு மாசம் மூடியிருக்கும்.
பாலர் பள்ளி, 1-ஆம் ஆண்டு: கேன்டீன் பக்க சின்ன கேட். டீச்சர் 1 மணிக்கு அங்க நிப்பாங்க.
மத்த பிள்ளைங்க: முன் கேட்.
வேன்: திடல் பக்கம், பிள்ளைங்கள டீச்சர் கூட்டிட்டு வருவாங்க.
காரணம்: பின்னாடி லொங்காங் வேலை, லாரி உள்ள வருது.
முடிவு பண்ணது தலைமையாசிரியரும் சங்கமும்.
சந்தேகம்னா செயலாளருக்கு போன் பண்ணுங்க, ராத்திரி 9 வரைக்கும்."

அதுக்குக் கீழ அதே மலாய்ல. அதுகூட பாலர் பள்ளி டீச்சர் குரல்ல ஒரு பதிவு, ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. ஏன் அந்த டீச்சர்னா, பாட்டி தாத்தாங்க எல்லாருக்கும் அவங்க குரல் தெரியும், தலைவர் குரல் தெரியாது. பேச்சுத் தமிழ்ல எழுதினதுக்கு கமிட்டியில ஒருத்தர் வருத்தப்பட்டாரு, தமிழ்ப்பள்ளி அறிவிப்பு இப்படியா இருக்கணும்னு. அவரு வருத்தம் எனக்குப் புரியுது, பிள்ளைங்க நல்ல தமிழ் பாக்கணும். விழா அழைப்பிதழ், மலர், அறிவிப்புப் பலகை எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிள்ளைய எந்த கேட்டுல கூட்டிக்கிறதுங்கிறது வேற.

குரூப் அமைப்பையும் மாத்தினாங்க. அறிவிப்புக்கு அட்மின் மட்டும் பேசுற ஒண்ணு, கேள்விக்குத் தனியா ஒண்ணு, அதுல கமிட்டியில யாராவது ஒருத்தர் வாரம் மாத்தி வாரம் பொறுப்பு. அஞ்சு நிமிஷ குரல் பதிவு வந்தா பதிலுக்கு குரல் பதிவு போடாம போன் பண்ணிப் பேசுறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச மாத்தம். கோவத்துல இருக்கிற ஒருத்தருக்கு எல்லாரும் பாக்கிற இடத்துல பதில் சொன்னா, சொல்றவருக்கும் கேக்கிறவருக்கும் பின்வாங்க இடமே இருக்காது. தனியா பேசி முடிச்சிட்டு, முடிவ மட்டும் குரூப்ல ரெண்டு வரி போட்டா மத்தவங்களுக்கும் தெரிஞ்சிரும்.

மழையினால லொங்காங் வேலை இன்னும் ரெண்டு வாரம் இழுத்துச்சு. அந்த அறிவிப்பும் இதே மாதிரி போச்சு. கேள்வி குரூப்ல மூணு நாலு கேள்வி, ஒரு மணி நேரத்துக்குள்ள பதில், அவ்வளவுதான்.

எல்லாம் தீரல. வேன் ஆண்டியோட மூணாவது கேள்விக்கு, சம்மன் விஷயத்துக்கு, தலைவர் சொன்ன மாதிரி மறுநாளே பதில் சொன்னாரு, ஆனா பதில் "சங்கத்தால கட்ட முடியாது"ங்கிறதுதான், ஆண்டிக்கு அதுல திருப்தி இல்ல. கமிட்டி இல்லாத அந்த பெற்றோர் குரூப் இன்னும் ஓடுது, அத கலைக்கச் சொல்லணும்னு கமிட்டியில ரெண்டு பேரு நிக்கிறாங்க. வேணாங்கிறது என் கருத்து, பெற்றோருக்கு தங்களுக்குள்ள பேச ஒரு இடம் வேணும், சங்கம் செய்ய வேண்டியது அங்க ஓடுறத விட வேகமா சரியான தகவல கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி குரல் பதிவுல வேன்காரங்கள பேசின அம்மாவும் வேன் ஓட்டுறவரும் இன்னும் பேசிக்கல.

செயலாளர் அக்கா இப்ப எந்த அறிவிப்பையும் அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு தனியா அனுப்புறாங்க, ஒண்ணு வேன் ஆண்டி, இன்னொண்ணு அந்தப் பாட்டியோட மக. "நல்லாருக்கா"ன்னு கேக்கிறதில்ல, கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. "இத படிச்சிட்டு நாளைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"ன்னு கேக்கிறாங்க. போன வாரம் தடகளப் பயிற்சி அறிவிப்புக்கு ஆண்டி "பிள்ளைங்க முடிச்சிட்டு எத்தன மணிக்கு வரும்னு இல்லியே, நான் ரெண்டு தடவ வரணுமா"ன்னு கேட்டிருக்காங்க. அக்கா நேரத்த மேல ரெண்டாவது வரிக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம்தான் அனுப்பினாங்க.